இண்டியம் சொன்ன சாட்சி

என் நாத்தனாரை, நாங்கள் இருவரும் வேலை செய்யும் அணு ஆய்வுக்கூடத்தில், யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். "அவசரம் வந்துச்சா?" என்று யாராவது கேட்டால், அவள் வந்துவிட்டுப் போயும் இருப்பாள், தள்ளிய கதவு மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். அவள் பம்ப், குழாய், வால்வு பார்க்கும் டெக்னீஷியன். நான் கதிர்களை எண்ணும் கவுண்டிங் ரூமில் இருப்பவள். வீட்டிலும் சரி, இங்கேயும் சரி, நான் சொன்னதை அவள் முதல் தடவையில் கேட்டதாகச் சரித்திரமே இல்லை.

அன்று மதியம் சாப்பாட்டுக்கு வரிசையாக வெளியே போய்க்கொண்டிருந்தபோது வாசல் மீட்டர் அவளைப் பார்த்துக் கத்தியது.

எங்கள் கோட்டில் குத்தியிருக்கும் பேட்ஜுக்குள் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளை உலோகத் தகடு இருக்கும். இண்டியம். நியூட்ரான் படாதவரை அது வெறும் தகடு. பட்டால் கொஞ்ச நேரத்துக்கு அதுவும் கதிர் வீசும். வெளியே போகும்போது பேட்ஜை மீட்டருக்குக் காட்டிவிட்டுப் போவது எங்களுக்குச் செருப்பு மாட்டுவது போல ஒரு பழக்கம். ஒத்திகை நாளைத் தவிர அந்த மீட்டர் கத்தி நான் கேட்டதில்லை.

"பார்த்தீங்களா அண்ணி, இந்த மெஷினுக்குக்கூட என்னைப் பிடிக்கல" என்றாள் அவசரம். வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

எங்கள் பாதுகாப்பு அதிகாரி எப்போதும் மெதுவாக நடப்பவர். நான் ஓடினால் இந்தக் கட்டிடமே ஓடும் என்பார். அன்று அவர் ஓடி வந்தார்.

"காலையிலேருந்து எங்கம்மா இருந்தீங்க?"

"பம்ப் ரூம்ல சார். எண்ணெய் ஒழுகுதுன்னு சொன்னாங்க."

"கோட்டும் பேட்ஜும் மேலயே இருந்துச்சா?"

"ஆமா சார்."

"வேற எங்கயும் போகலையே?"

"இல்ல சார்."

பம்ப் அறை, பெரிய இயந்திரம் இருக்கும் கூடத்துக்கு நேர் கீழே. எங்கள் ஆய்வுக்கு வேக நியூட்ரான்களைத் தருவது அந்த இயந்திரம்தான். காலையிலிருந்து அது ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஆள் உயரத்துக்கும் அதிகமான கான்கிரீட் இருப்பதால் கீழே யார் வேலை செய்தாலும் நாங்கள் கவலைப்படுவதில்லை. அதிகாரி டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. புதுக் கேபிள் இழுப்பதற்காக முந்தின நாள் கான்கிரீட்டில் இருக்கும் துளையின் அடைப்பைக் கழற்றியிருக்கிறார்கள். கேபிளை இழுத்தார்கள், கை கழுவினார்கள், போய்விட்டார்கள். அடைப்பு ஒரு மூலையில் சாக்கின் மேல் சொகுசாகக் கிடந்ததாம்.

துளைக்கு நேர் கீழே நின்றாளா, பம்புக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தாளா, எவ்வளவு நேரம்? கேட்டால், "எல்லாப் பக்கமும்தான் இருந்தேன்" என்கிறாள். எண்ணெய் எங்கே ஒழுகுகிறது என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தலைக்கு மேலே என்ன திறந்திருக்கிறது என்று எதற்குப் பார்க்கப் போகிறாள்?

அதிகாரி அவள் பேட்ஜை ஒரு பையில் போட்டு என்னிடம் நீட்டினார். "உங்க வீட்டுப் பொண்ணுன்னு தெரியும். ஆனா இதைச் சரியாப் படிக்க இன்னிக்கு வேற ஆள் இல்ல."

"குடுங்க சார்" என்றேன்.

என் வேலை என்னவென்று என் வீட்டுக்காரரிடம் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று, இன்னும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார். இங்கேயும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அன்று நான் எதற்கு அப்படிப் பயந்தேன் என்பது யாருக்கும் புரியாது.

ஒரு நியூட்ரான் போய் ஓர் அணுக்கருவில் விழுந்தால் அந்தக் கரு கொதித்துப்போகும். பிறகு மாடிப்படி இறங்குவது போல, ஆற்றலைக் கதிராகக் கொட்டிக் கொட்டித் தரைக்கு வந்துவிடும். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் சில கருக்கள் நடுப்படியில் மாட்டிக்கொள்ளும். அவற்றின் சுழற்சி ஒன்றாக இருக்கும், அடுத்த படிக்கு வேண்டிய சுழற்சி வேறாக இருக்கும்; இறங்க வழியில்லாமல் நிமிடக்கணக்கில், மணிக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்துவிடும். அப்படி உட்கார்ந்துவிட்டதற்குப் பெயர்தான் ஐசோமர். எந்த ஐசோமர் எவ்வளவு உண்டாகும் என்பது வந்து மோதிய நியூட்ரானின் வேகத்தைப் பொறுத்தது. மெதுவாக வந்தால் ஒரு விதம், வேகமாக வந்தால் வேறு விதம். வேகத்தை மாற்றி மாற்றித் தகடுகளை அடித்து, எது எவ்வளவு மாட்டிக்கொண்டது என்று எண்ணுவதுதான் எங்கள் பிழைப்பு. பழகிப் பழகி, ஒரு தகட்டைக் கொடுத்தால் அதை எப்படிப்பட்ட நியூட்ரான் அடித்தது என்று சொல்லிவிடுவேன்.

இண்டியத்தில் இரண்டு ஐசோமர்கள் எனக்கு முக்கியம். மெதுவான நியூட்ரானை விழுங்கினால் வருவது முதலாவது. ஐம்பத்து நான்கு நிமிடத்தில் அது பாதியாகக் குறைந்துவிடும். இரண்டாவது, வேக நியூட்ரான் முட்டினால்தான் வரும். அது பாதியாக நாலரை மணி நேரம் ஆகும். முதலாவது மட்டும் இருந்தால் பயமில்லை. ஆனால் மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். வேக நியூட்ரான் உடம்புக்குள் புகுந்து அடிபட்டு மெதுவாகி வெளியே வந்தாலும் முதலாவது உண்டாகும். ஆகவே முதலாவதை வைத்து எதையும் சொல்ல முடியாது. இரண்டாவதும் சேர்ந்து இருந்தால், அந்தக் கோட்டுக்குள் இருந்த உடம்பை வேக நியூட்ரான்கள் துளைத்திருக்கின்றன என்று அர்த்தம்.

ஈயக் கூட்டைத் திறந்து, தகட்டை டிடெக்டர் மேல் வைத்து, மூடினேன். திரையில் அங்கங்கே கோடு செங்குத்தாக எழுந்தது. நாங்கள் அதைப் பீக் என்போம். ஒவ்வொரு ஐசோமருக்கும் அதற்கென்று ஓர் இடம் உண்டு. எழுந்தவை எல்லாம் முதலாவதின் பீக்குகள். இரண்டாவது எழ வேண்டிய இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. தெரியவும் முடியாது. முதலாவது போடும் கூச்சலில் அந்த இடமே சேறாகக் கலங்கிக் கிடந்தது; சின்னதாக ஒன்று இருந்தாலும் அதில் முங்கிப்போகும். முதலாவது தேய்ந்து அடங்கும்வரை, அதாவது சாயங்காலம் வரை, காத்திருக்க வேண்டும்.

மருத்துவ அறையில் டாக்டர் அவளுக்கு ரத்தம் எடுத்தார். நியூட்ரான் பட்டால் உடம்பும் கொஞ்சம் கதிர் வீசும் என்பதால் வயிற்றில் கை மீட்டரை வைத்துப் பார்த்தார்கள். வழக்கமான முணுமுணுப்புதான். அது எனக்கு ஆறுதலாக இல்லை. அந்தக் கை மீட்டர் கத்தும் அளவுக்கு உடம்பில் பட்டிருந்தால் இந்நேரம் அவள் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்துக்கொண்டிருப்பாள். ரத்தத்தில் மாற்றம் தெரியவும் ஒன்றிரண்டு நாளாகும். பேட்ஜில் இரண்டாவது ஐசோமர் இருந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரி, இல்லையென்றால் வீடு என்று அதிகாரியும் டாக்டரும் முடிவு செய்தார்கள்.

நான் எட்டிப் பார்த்தபோது கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்லுது உங்க தகடு?"

"இன்னும் வாயைத் திறக்கல."

"அதட்டிக் கேளுங்க அண்ணி. என்னை மட்டும் அந்த அதட்டு அதட்டுறீங்க."

சிரித்துவிட்டுத் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் அவள் குரல் சின்னதாகிவிட்டது. "எனக்கு ஏதாவது ஆயிடுமா?"

"ஒண்ணும் ஆகாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"ஆறுதல் சொல்றதுல உங்களை அடிச்சுக்க ஆளே இல்ல" என்றாள்.

கவுண்டிங் ரூமுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்தது என் வீட்டுக்காரர்தான். நான் கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு என் பின்னலைப் பிடித்து இழுக்கும் வயசு. அவளைத் திட்டுவதற்கு அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் உரிமை உண்டு, அதை நான் ஒரு நாளும் வீணாக்கியதில்லை. இப்போது திரையைப் பார்த்துக்கொண்டு, இனிமேல் திட்டவே மாட்டேன் என்று யாரிடமோ பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பீக்குகள் என் பேரத்தையெல்லாம் சட்டை செய்யாமல் தங்கள் கணக்குப்படி குறைந்துகொண்டிருந்தன.

போன் அடித்தது. என் வீட்டுக்காரர்.

"என்னம்மா, தங்கச்சி போனை எடுக்கவே மாட்டேங்கறா?"

"வேலையில இருக்கா."

"என் வண்டிச் சாவிய எடுத்துட்டுப் போயிட்டா. ரெண்டு சாவியையும்! காலையிலேருந்து நான் வீட்டுலயே உட்கார்ந்திருக்கேன். சாயங்காலம் சேர்ந்துதானே வருவீங்க?"

"ஆமாங்க" என்றேன். இன்னும் ஒரு வார்த்தை பேசினால் அழுதுவிடுவேன் என்று வைத்துவிட்டேன்.

ஜன்னலுக்கு வெளியே வெயில் சாய்ந்தது. சேறு மெல்ல மெல்லத் தெளிந்தது. இரண்டாவது எழ வேண்டிய இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு இன்னும் பெரிதாக்கினேன். தட்டை. துடைத்துவிட்ட தரை மாதிரி தட்டை. எழுந்து நின்று, உட்கார்ந்து, திரும்பவும் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காரிடாரில் ஓடினேன்; என் வயசுக்கும் உடம்புக்கும் அது பார்க்கச் சகிக்காத காட்சியாகத்தான் இருந்திருக்கும்.

நான் சொன்னதைக் கேட்டு அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு மருத்துவ அறைக்கு வந்து அவளிடம் கேட்டார். "வெறும் மெதுவான நியூட்ரான்தான் பட்டிருக்கு. அது எங்கேருந்து வந்துச்சு?"

அவசரம் கொஞ்சம் யோசித்தாள். "ஸ்பானர் எடுக்க டிரம் ரூமுக்கு ஒரு தடவை போனேன் சார். மறந்தே போச்சு."

பம்ப் அறையை ஒட்டினாற்போல் இன்னொரு சின்ன அறை. அதில் மெழுகு நிரப்பிய ஒரு பெரிய டிரம் இருக்கிறது. நடுவில் நியூட்ரான் தரும் பொருளை வைத்திருக்கிறோம். மெழுகில் முட்டி முட்டிக் களைத்துப் போய், வெளியே வரும்போது அநேகமாக எல்லா நியூட்ரானும் மெதுவாகிவிடும். மெதுவான நியூட்ரானால் அடிக்க வேண்டிய தகடுகளை நாங்கள் அங்கேதான் வைப்போம்.

"இதை முதல்லயே சொல்லக்கூடாதாம்மா? ஒரு நாள்ல என் ஆயுசுல பாதி போயிடுச்சு" என்றார் அதிகாரி. ஆஸ்பத்திரி வண்டியை வேண்டாம் என்று சொல்லப் போனார். நான் வீட்டுக்குப் போன் செய்து, "கிளம்பிட்டோம்" என்றேன்.

கிளம்புவதற்கு முன் டிடெக்டரை மூட வேண்டும். திரையில் முதலாவதின் எண் இருந்தது. பழக்க தோஷத்தில், அது மதியம் எவ்வளவு இருந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போட்ட கை அப்படியே நின்றுவிட்டது.

ஸ்பானர் எடுக்கும் நேரம் டிரம் பக்கத்தில் நின்றால் இதில் நூறில் ஒரு பங்குகூட வராது. இவ்வளவு வர வேண்டுமென்றால் இந்தத் தகடு காலை முழுக்க டிரம்மோடு ஒட்டிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். இன்னொன்றும் உறைத்தது. துளை திறந்திருக்கிறது, மேலே இயந்திரம் ஓடுகிறது. பம்ப் அறையின் எந்த மூலையில் இருந்தாலும் சுவரில் பட்டுத் தெறித்த வேக நியூட்ரான்கள் கொஞ்சமாவது பட்டிருக்கும். இரண்டாவது ஐசோமர் துளியாவது இருக்க வேண்டும். துளிகூட இல்லை. இந்தத் தகடு பம்ப் அறைக்குள் போகவே இல்லை. சம்பவம் நடந்த இடத்திலேயே இல்லாத சாட்சி, 'நான் ஒன்றும் பார்க்கவில்லை' என்று சொன்னதைக் கேட்டு நான் காரிடாரில் கூத்தாடியிருக்கிறேன்.

மருத்துவ அறையில் அவள் ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"கோட்டை எங்கடி மாட்டின?"

எதற்கும் பட்டென்று பதில் சொல்பவள், முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டிரம் கைப்பிடியில" என்றாள் கடைசியில்.

பம்ப் அறையில் ஒரே புழுக்கம். கோட்டை மாட்ட ஓர் ஆணிகூட இல்லை. பக்கத்து அறை டிரம்மின் கைப்பிடியோ தோள் உயரத்தில் வா வா என்று கூப்பிடும். பலரும் பேட்ஜைக் கழற்றிவிட்டுக் கோட்டை மட்டும் அதில் மாட்டுகிறார்கள், அதற்கே திட்டு வாங்குகிறார்கள். பேட்ஜோடு மாட்டினால் தகடு கெட்டு, வீண் கூச்சல் கிளம்பும் என்பதால் அதற்குக் கண்டிப்பான விதி உண்டு. ஒரு தடவை எச்சரிக்கை, அடுத்த தடவை வேலை போகும். இவள் எச்சரிக்கையை ஏற்கனவே வாங்கியிருந்தாள். சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வரிசைக்கு வந்திருக்கிறாள்.

"காலை முழுக்க கோட்டே இல்லாமத்தான் கீழ இருந்தியா?"

"ஆமா."

"துளை திறந்திருந்துச்சுன்னு தெரிஞ்ச பிறகும் வாயைத் திறக்கலையே! நான் இங்க செத்துச் செத்துப் பிழைச்சுக்கிட்டு இருக்கேன்!"

"பயம் அண்ணி" என்றாள். "முதல்ல வேலை போயிடுமேன்னு பயம். அப்புறம் வேற பயம். சொன்னா நீங்க திரும்பவும் எண்ணுவீங்க. எண்ணினா ஏதாவது வந்துடும். எண்ணாம விட்டா ஒண்ணும் இல்லாமலே போயிடும்னு..." முடிக்கவில்லை. உதடு கோணிக்கொண்டது.

கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல ஆத்திரம் வந்தது. ஆனால் அவள் சொன்ன அந்த இரண்டாவது பயம் எனக்கும் இருந்தது. இந்தக் கணக்கை நான் போடாமலே இருந்திருந்தால் இந்நேரம் இருவரும் பஸ்ஸில் உட்கார்ந்திருப்போம்.

அதிகாரியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அவளைத் திட்டவில்லை. "காலையில உங்க மேல இருந்த உலோகம் ஏதாவது இப்பவும் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். அவள் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. மெல்லிய தங்கச் சங்கிலி. வேலை கிடைத்தபோது அவள் அண்ணன் வாங்கிப் போட்டது.

"இது வேண்டாம் அண்ணி."

"திருப்பித் தர்றேன்டி."

"தரும்போது என்ன சொல்லித் தருவீங்க?"

கொக்கியைக் கழற்றினேன். கழுத்து வியர்த்துச் சில்லென்றிருந்தது.

தங்கம் இண்டியத்தைவிடக் கறாரான சாட்சி. இயந்திரத்திலிருந்து கடும் வேகத்தில் வரும் நியூட்ரான் தங்கக் கருவில் மோதினால், ஒன்று உள்ளே போய் இரண்டு வெளியே தெறிக்கும். மிச்சமிருக்கும் கருக்களில் சில, வாங்கிய அடியில் தலை கிறுகிறுத்துச் சுழன்று, ரொம்ப உயரத்தில் ஒரு படியில் மாட்டிக்கொள்ளும். மெதுவான நியூட்ரான் எத்தனை கோடி வந்தாலும் அந்த வேலையைச் செய்ய முடியாது. அதற்கு அவ்வளவு ஆற்றலும் கிடையாது, அவ்வளவு சுழற்சியைக் கொண்டுவரவும் தெரியாது. ஆகவே தங்கத்தில் அந்த ஐசோமர் இருந்தால் டிரம், ஸ்பானர் என்று சாக்குச் சொல்ல இடமில்லை. சீக்கிரம் மறைந்தும் போகாது, ராத்திரி வரை தாராளமாக இருக்கும். ஆய்வுக்காக எத்தனையோ தங்கத் தகடுகளில் அதை வரவழைத்திருக்கிறேன். அதன் இரண்டு பீக்குகளும் ஜோடியாக எழும்போது மேசையைத் தட்டி மகிழ்ந்திருக்கிறேன். அன்று, நீ வராதே, தயவு செய்து வராதே என்று கெஞ்சினேன்.

முதலில் ஒன்றும் வரவில்லை. திரையில் புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தன. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒவ்வொரு புள்ளிக் குவியலும் எனக்குப் பீக்காகத் தெரிந்தது, அடுத்த நிமிடம் கலைந்தது. கலையும்போதெல்லாம் மூச்சு விட்டேன். பின்னால் அதிகாரி நின்றிருந்தார். அவர் மூச்சும் எனக்குக் கேட்டது.

பிறகு ஒரு குவியல் கலையவில்லை.

நான் கொஞ்சம் தள்ளி, அதன் ஜோடி எழ வேண்டிய இடத்தைப் பார்த்தேன். அங்கேயும் ஒன்று முளைத்துக்கொண்டிருந்தது. சங்கிலியை வெளியே எடுத்துவிட்டு வெறும் கூட்டை எண்ணினேன். இரண்டு இடமும் தட்டை. சங்கிலியைத் துடைத்து மறுபடி வைத்தேன். இரண்டும் எழுந்தன. துணியால் அழுத்தித் தேய்த்து இன்னொரு தடவை வைத்தேன். துடைத்தால் போகிற அழுக்கா அது? தங்கத்தின் உள்ளே இருந்தது.

"போதும்மா" என்றார் அதிகாரி.

கணக்குப் போட்டோம். அவர் தனியாக ஒரு தடவை, நான் தனியாக ஒரு தடவை. இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே விடை. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, ஆளைக் கொல்லும் அளவில்லை, ஆனால் விட்டுவிடும் அளவுமில்லை என்றார். சில வாரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், ரத்த அணுக்கள் இறங்கும், நோய் எதுவும் தொற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகும் வருடா வருடம் சோதனை. "பிழைச்சுக்குவா" என்றார். அந்த வார்த்தையே ஒருத்தியைப் பயமுறுத்தும் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. காலை வரை அவள் பிழைப்பதைப் பற்றி யாருக்குமே பேச்சு இல்லையே.

கோட் விஷயம் என்னாகும் என்று அதிகாரியிடம் கேட்டேன். "அடைப்பை மாட்டாமப் போனவங்களையும், அதைச் சரிபார்க்காத என்னையும் முதல்ல விசாரிக்கட்டும்" என்றார். வண்டியைத் திரும்பவும் கூப்பிடப் போனார்.

அவளிடம் சொல்ல நான் போனேன். வேறு யார் போவது?

"சங்கிலி எங்க?"

"கொஞ்ச நாள் என்கிட்ட இருக்கட்டும்."

என் முகத்தையே பார்த்தாள். "இருக்கா?"

"இருக்கு."

"நிறையவா?"

"நடுத்தரம். உயிருக்கு ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொல்றார். ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

தலையை ஆட்டினாள். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள். "பொய் சொல்லியிருக்கலாமே அண்ணி" என்றாள்.

"வர்ற வழியில சொல்லிப் பார்த்தேன். வாய் வரல." கதவைச் சாத்தினேன். "எனக்கும் பயமா இருக்குடி. உன்னைவிட எனக்குத்தான் அதிகமா பயமா இருக்கு."

"இதுலயும் நீங்கதான் முதலா?" என்றாள். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

வண்டி வருவதற்குள் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள் என்றேன். யாருக்கு என்றார். சொன்னேன். "கேக்குதா?" என்றேன். "வண்டிச் சாவி அவகிட்டல்ல இருக்கு" என்றார் சம்பந்தமில்லாமல். பிறகு, "பஸ்ல வர்றேன், பஸ்ல வர்றேன்" என்று இரண்டு தடவை சொன்னார்.

ஆஸ்பத்திரி வண்டியில் இரண்டு பக்கமும் நீள இருக்கை. அவள் முதலில் ஏறி, உள்ளே கடைசி மூலையில் போய், இரண்டு கையையும் உடம்போடு இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் ஏறி அவளை நோக்கி நடந்தேன்.

"அங்கயே இருங்க அண்ணி."

"ஏன்டி?"

"கிட்ட வராதீங்க. உங்களுக்கும் ஏதாவது ஆயிடும்."

இது எனக்குத் தெரிந்த விஷயம். நான் தினமும் செய்யும் வேலை. அவள் உடம்பில் இருப்பது கை மீட்டருக்கே எட்டாத அளவு, பக்கத்தில் இருப்பவரை அது ஒன்றும் செய்யாது. அதைச் சொன்னேன். "உன்கிட்டேருந்து யாருக்கும் ஒண்ணும் வராது. சத்தியமா. எண்ணிப் பார்க்கிறவ நான் சொல்றேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமே இல்லை, பயம் மட்டும்தான் இருந்தது.

"சாயங்காலமும் நீங்க ஒண்ணும் இல்லன்னுதானே ஓடி வந்து சொன்னீங்க?"

யாரோ வெளியிலிருந்து கதவைச் சாத்தினார்கள், வண்டி கிளம்பியது. அவள் மூலையோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு போய் அவள் தோள் இடிக்க உட்கார்ந்தேன்.